தறியோசையும் செவிப்புலனும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட நம்மவர் கூடும் இவ்வவையில் நூல் விலையைப் பற்றியும், கூலி உயர்வைப் பற்றியும், பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். அவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயின் பேசுவோர் பேசினாற் போதாது. கேட்போர் கேட்டலும் வேண்டும் அன்றோ? அக்கேட்கும் பொறியே நம்மவரிற் பலர்க்கு நாள்தோறும் தேய்ந்து வருகின்றது. இதனைக் குறித்து நம்முள் வாய் திறப்பார் மிகச் சிலர். ஆதலின் தறியோசையால் செவி கெடுமாறும், கெட்டதனை அறியுமாறும், கெட்டபின் கருவி கொண்டு வாழுமாறும், கெடாமற் காக்குமாறும் ஆகிய நான்கு செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. அவ்வழியும் அடைபடுமாயின் எஞ்சுவது யாது என்பதை நீங்களே சிந்தித்துக் கொள்ளுங்கள்.

நம் பாட்டனார் காலத்துக் குழித்தறியில் நாடா ஓடும் ஓசை தெருவுக்கு ஓர் அழகாக இருந்தது. தறியில் அமர்ந்தவாறே அண்டை வீட்டாரோடு உரையாடுவர். பாவு ஓடுவோர் பாடுவர். இங்கிலாந்தில் எட்மண்ட் கார்ட்ரைட் என்பார் 1785-ஆம் ஆண்டில் விசைத்தறிக்கு முதன்முதற் காப்புரிமை பெற்றார். அவ்விசைத்தறி பிற்காலத்து நம் ஊர்களிலும் வந்து நிலைத்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, சோமனூர், பல்லடம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்த் தெருக்களில் நடப்பார்க்கு அதன் ஓசையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிக்கர் நாடாவை அடிக்கும் அடியும், நாடா மறுபக்கத்துப் பெட்டியில் மோதும் மோதலும், அச்சுப்பலகை ஊடையை அறையும் அறைதலும் ஒரு நிமிடத்தில் நூறு முறைக்கு மேல் நிகழ்கின்றன. ஒரு தறிக்கே இவ்வாறெனின், தகரக் கூரையின் கீழ் எட்டுத் தறிகள் ஒருங்கு ஓடுமிடத்து நிகழ்வதைச் சொல்ல வேண்டா.

இனி, இவ்வோசை காதை எங்ஙனம் கெடுக்கின்றது என்பதைக் காண்போம்.

நாம் வெளியே காணும் காது ஓசையை வாங்கும் புனல் மாத்திரமே. அவ்வோசை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் வழியே சென்று செவிப்பறையை அசைக்கின்றது. பறையின் அசைவைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஏற்று உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று உளது. அக்குழலில் நீர் நிறைந்திருக்கும். அதனுள் நுண்ணிய மயிர் போன்ற நுனிகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக நிற்கும். இவை ஒரு காதுக்கு ஏறத்தாழப் பதினையாயிரம். நீரில் எழும் அலை இம்மயிரணுக்களை அசைக்க, அவ்வசைவு நரம்பின் வழியே மூளைக்குச் சென்று ஓசையாக உணரப்படுகின்றது. அலை அக்குழலில் ஓடும் முறையை ஆராய்ந்து விளக்கிய பெக்கேசி என்னும் அறிஞர்க்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்மயிரணுக்கள் புல்லைப் போன்றவை. ஒருவர் ஒரு முறை மிதித்தால் புல் சாயும். இரவு கழிய மறுபடி நிமிரும். வேலை முடிந்து வெளியே வந்தவுடன் காது மந்தமாக இருப்பதும், உள்ளே ‘ஞொய்’ என்று இரைவதும், மறுநாட் காலையில் தெளிவதும் இதனாலாகும். ஆயின் நாள்தோறும் மிதிபடும் புல் ஒருநாள் கருகி ஒற்றையடிப் பாதையாகிவிடும். புல்லாவது மழை பெய்தால் மீண்டும் முளைக்கும். மனிதர் காதிலுள்ள மயிரணு மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மருந்தாலும், எண்ணெயாலும், அறுவை முறையாலும் அதனை மீட்டுத் தரும் வழி இன்றுவரை கைவந்ததில்லை. இதனை நம் நெஞ்சில் நன்கு பதித்துக் கொள்ளல் வேண்டும். தறியோசையால் வரும் செவிட்டைத் தீர்க்க இயலாது. ஆயின் வாராமல் தடுக்க முற்றும் இயலும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்டு 1713-இல் விரித்தெழுதிய நூலில், வெனிசு நகரத்துச் செம்புக் கன்னார் நாள் முழுதும் செம்பை அடிப்பதால் காது மந்தப்பட்டு முதுமையிற் செவிடராவதைக் கூறியுள்ளார். 1886-இல் கிளாஸ்கோ நகரத்துத் தாமஸ் பார் என்னும் காது மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூற்றுவரைச் சோதித்து, அவ்வூர்த் தபால்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தபால்காரரில் மிகச் சிலர்க்கே பொதுக்கூட்டத்தில் பேச்சுக் கேட்பது கடினமாக இருந்தது; கொதிகலன் தொழிலாளரில் பெரும்பாலோர்க்கு அது கடினமாகவோ இயலாததாகவோ இருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சணல் நெசவாளர்களின் செவிப்புலனை ஆராய்ந்து 1965-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தறியோடு கழித்த ஆண்டுகள் ஏற ஏறக் கேள்வி குறைவதைத் தெளிவாகக் காட்டிற்று. இங்கிலாந்தின் லங்காஷையர் பஞ்சாலைகளில் நெசவுப் பெண்டிர் உதட்டசைவாலும் கைச்சாடையாலும் பேசும் ஒரு தனிப் பழக்கமே வளர்த்திருந்தனர். நம் தறிக்கூடங்களிலும் ‘தார் தீர்ந்தது’, ‘பாவு அறுந்தது’ என்பவற்றைக் கைச்சாடையாலேயே கூறுகின்றோம். கடல்கள் பல கடந்த நாடுகளிலும் தறியின் இயல்பு ஒன்றே. அதனால் வரும் கேடும் ஒன்றே.

ஓசையின் அளவைக் குறிக்கும் அலகு டெசிபல் எனப்படும். இதன் கணக்கு நம் வீட்டுக் கணக்குப் போன்றதன்று. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். 10 ஏறினால் பதின்மடங்காகும். அமெரிக்க நாட்டின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒருவர் நாளொன்றுக்கு 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் வரையிலுமே இருக்கலாம். 88-இல் 4 மணி. 91-இல் 2 மணி. 94-இல் 1 மணி. 97-இல் அரை மணி. 100-இல் 15 நிமிடம். நாடாத் தறிகள் நிறைந்த கூடங்களில் அளந்து பார்த்தவர்கள் 95-க்கு மேலும், 100-ஐ ஒட்டியும் கண்டிருக்கின்றனர். 100 டெசிபல் ஓசையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவர், ஒரு நாளில் ஏற்கத்தக்க அளவைப் போல 48 மடங்கு ஏற்கின்றார் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அளக்கும் கருவி இல்லாதார்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருப்பின் அவ்விடத்து ஓசை பெரும்பாலும் 85-ஐத் தாண்டியதேயாம்.

நிற்க. கெட்டதனை அறிவது எங்ஙனம்? இவ்விடத்தேதான் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர்.

காது கெட்டால் ஒன்றும் கேளாது என்று எண்ணுகின்றோம். தறியோசையால் வரும் செவிட்டில் அவ்வாறன்று. நத்தைக் குழலின் அடிப்பகுதி கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்குமிடம். முதலிற் கெடுவது அப்பகுதியே. சோதனையில் 4000 ஹெர்ட்ஸ் என்னும் அளவை ஒட்டி முதலிற் பள்ளம் விழும். இதனைத் தமிழ் இலக்கண வழியிற் கூறினால் எளிதில் விளங்கும். உயிரெழுத்துக்கள் தாழ்ந்த சுருதியும் மிக்க ஆற்றலும் உடையவை, அவை கேட்கும். வல்லின மெய்களோ பெரும்பாலும் உயர்ந்த சுருதியிற் சிறு வெடிப்பாகவோ உரசலாகவோ ஒலித்து மறைபவை, அவை நழுவிவிடும். பட்டு என்பதும் பத்து என்பதும் ஒன்றாகத் தோன்றும். காசு என்பதும் காது என்பதும் மயங்கும். உயிர் கேட்கும், மெய் கேளாது. அதனால் அன்னார், “நீ பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்பதுதான் விளங்கவில்லை” என்பர். கேட்போர் இதனைப் பொய் என்று எண்ணுவர். அஃது உண்மையினும் உண்மையாகும்.

ஏனைய அறிகுறிகளையும் கூறுகின்றேன். ‘என்ன? என்ன?’ என்று அடிக்கடி வினவுதல். தொலைக்காட்சியின் ஓசையைப் பிறர் பொறாத அளவுக்கு உயர்த்துதல். பெண்டிர், பிள்ளைகள் குரல் ஆடவர் குரலினும் விளங்காதிருத்தல். திருமண வீட்டிலும் கூட்டத்திலும் பலர் பேசுங்கால் திகைத்தல். கைப்பேசியில் ஒரு காதையே நாடுதல். அழைப்பு மணியும் குருவியோசையும் கேளாமை. இரவில் ஓய்ந்த வேளையிற் காதில் இடையறா இரைச்சல். தாம் அறியாமலே உரக்கப் பேசுதல். இவற்றுள் இரண்டு மூன்று ஒருங்கே காணப்படின் காலந் தாழ்த்தாது செவியைச் சோதித்துக் கொள்க.

“தறியோசை முதலிற் கடினமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது” என்று நம்மவர் பெருமையோடு கூறக் கேட்கின்றோம். அன்பர்களே! காது ஓசைக்குப் பழகுவதில்லை. முன்பு உரக்கக் கேட்டது இப்போது உரக்கக் கேளாவிடின், பெரும்பாலும் அது காதின் இழப்பே. பழக்கம் என்று நாம் பெயரிட்டு அழைப்பது நோயின் முதற்படி.

இதனால் விளையும் துன்பம் காதோடு நிற்பதில்லை. மனைவி இருமுறை அழைத்து மும்முறை அழைத்து, “வேண்டுமென்றே கேளாதிருக்கிறார்” என்று மனம் நோகின்றாள். பேரக்குழந்தை பள்ளிச் செய்தியைச் சொல்லிப் பார்த்து, தாத்தாவுக்கு விளங்கவில்லை என்று ஓடிவிடுகின்றது. கடையில் விலை தவறாகக் கேட்டுப் பிறர் நகைக்க, அன்று முதல் கடைக்குப் போவதை விடுகின்றார். ஊர்க்கூட்டத்துக்கு வந்தாலும் ஓரமாக அமர்ந்து, பிறர் சிரிக்கும்போது தாமும் சிரித்து, பின்னர் வாராமலே நின்றுவிடுகின்றார். நாற்பது ஆண்டு தறியோட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்திய ஒருவர், தம் குடும்பத்தின் நடுவிலேயே தனியராகின்றார். மருத்துவ உலகில் மதிப்புப் பெற்ற லான்செட் இதழின் ஆய்வுக் குழு 2020, 2024 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளில், நடுவயதுச் செவிக்குறையை முதுமை மறதி நோய்க்குரிய, தடுக்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணியிருப்பதும் கருதற்பாலது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஓரளவு செவிக்குறையுடையோர். அவருள் 43 கோடிப் பேருக்கு உதவி இன்றியமையாதது. ஆகவே இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

இனிக் கருவியைப் பற்றிக் கூறுவேன்.

கண் மங்கினால் கண்ணாடி அணிகின்றோம். அதனை ஒருவரும் இழிவாகக் கருதுவதில்லை. காதுக்குக் கருவி அணிவதை மட்டும் ஊனத்தின் விளம்பரமாக எண்ணி மறைக்கின்றோம். கருவியை மறைக்கலாம், செவிட்டை மறைக்க இயலாது. நாம் மறைத்ததாக எண்ணும் காலத்திலேயே ஊரார் அறிந்திருப்பர்.

ஆயின் கருவியைக் கடையிற் சென்று செருப்பு வாங்குவது போல் வாங்குதல் கூடாது. முதலிற் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுக. காதில் அழுக்கு அடைத்திருத்தல், பறையில் ஓட்டை, சீழ் வடிதல் ஆகியவற்றாலும் கேள்வி குறையும்; இவற்றுட் பல மருத்துவத்தால் தீர்வன. பின்னர்ப் பயிற்சி பெற்ற செவிப்புல வல்லுநரிடம், ஓசையடங்கிய அறையில், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கொண்டு சோதனை செய்து ஆடியோகிராம் என்னும் வரைபடம் பெறுக. ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு குறை என்பதை அவ்வரைபடம் காட்டும். அதனையொட்டிப் பொருத்தப்படும் கருவியே உண்மையான செவித்துணைக் கருவி. எல்லா ஓசையையும் ஒரே அளவாகப் பெருக்கும் மலிவுப் பெட்டிகள் நம் தறிச் செவிட்டுக்குப் பெரிதும் உதவா. தாழ்ந்த ஓசை முன்பே நன்கு கேட்பதால், அதனையும் பெருக்கி இரைச்சலாக்கித் தலைவலியே தரும்.

கருவிகளிற் சட்டைப்பையில் வைப்பன, காதின் பின்னே மாட்டுவன, காதினுள் பொருந்துவன எனப் பல வகை உண்டு. உயர்ந்த சுருதி மட்டும் குறைந்தவர்க்குக் காதின் பின்னே மாட்டி, மெல்லிய கம்பி வழியே காதுக்குட் செல்லும் வகை பெரும்பாலும் பொருந்தும். அது காதை முழுதும் அடைப்பதில்லை. மிக்க குறையுடையார்க்கு அவர்தம் காதின் அச்சுக்கேற்ப வார்த்த அடைப்பும், ஆற்றல் மிக்க கருவியும் வேண்டும். விரல் நடுங்குவோரும் பார்வை மங்கியோரும் மிகச் சிறிய கருவியை விரும்பாதிருத்தல் நலம். இரு காதும் குறைந்தவர்க்கு இரு கருவியே சிறந்தது; ஓசை வரும் திசையை உணர்தற்கும், கூட்டத்திற் பேச்சைப் பிரித்தறிதற்கும் அது உதவும். விலை சில ஆயிரம் முதல் இலட்சம் ரூபாய்க்கு மேலும் செல்லும். விலை மிக்கதே நமக்கு உகந்தது என்று எண்ணற்க. வாங்குமுன் வினவ வேண்டியவை இவை: சில நாள் அணிந்து பார்க்க இடம் தருவரா? பின்னர் வேண்டியபடி சீர் செய்து தருவரா? பழுது பார்ப்பார் அண்மையில் உளரா? பேட்டரி நம் ஊரிற் கிடைக்குமா? மின்னேற்றும் வகையாயின் ஒரு நாள் முழுதும் தாங்குமா?

கருவி அணிந்த முதல் நாளே பழைய கேள்வி திரும்பும் என்று எதிர்பார்ப்போர் ஏமாற்றமடைவர். பல்லாண்டு கேளாத ஒலிகள் திடீரென வந்து மோதும். தம் குரலே வேறாகத் தோன்றும்; தட்டு, கரண்டி ஓசையும் உறுத்தும். முதலில் வீட்டில் அமைதியான வேளையிற் சில மணி நேரம் அணிக, பின் ஒருவரோடு உரையாடுக, பின் பலரோடு, அதன் பின்னரே திருமண மண்டபம். சில வாரங்களில் மூளை பழகிக்கொள்ளும். ஒரு வாரத்திற் கழற்றிப் பேழையில் வைத்துவிடும் கருவியே விலை மிக்க கருவி. வியர்வையும், நம் தொழிலுக்குரிய பஞ்சுத் தூசியும் கருவிக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட சிமிழில் வைத்தலும், வாயிலை நாள்தோறும் உலர்ந்த துணியால் துடைத்தலும் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கருவியை அணிந்து இயக்கிக்கொண்டு தறிக்கூடத்தில் நிற்றல் ஆகாது. அஃது எரியும் தீயில் எண்ணெய் வார்த்தலை ஒக்கும். இயக்காமல் அணிந்து, அதுவே காதைக் காக்கும் என்று நம்புதலும் தவறு. தறியிடத்தே காப்பு, வீட்டிடத்தே கருவி. இதுவே முறை.

பொருளில்லார் மனந் தளர வேண்டா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் செவிச் சோதனை செய்யப்படுகின்றது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகத் தகுதியுடையார்க்குக் கருவி இலவசமாக வழங்கும் திட்டங்கள் உள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தாரைச் செவிக்குறையுடையார் என்றும், 70-க்கு மேல் இழந்தாரைச் செவிடர் என்றும் வகுத்துள்ளது. அத்தகையோர் சான்றிதழ் பெறுதல் தம் உரிமை. மேலும், ஓசையால் வரும் செவிக்குறை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. தொழிலால் வரும் நோய் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட ஒன்றை, நாம் தலைவிதி என்று கூறித் திரிதல் எற்றுக்கு?

காக்கும் முறைகளுக்கு வருவோம். முதற்கண் ஓசையை அது பிறக்குமிடத்தே குறைத்தல் வேண்டும். தேய்ந்த பிக்கரையும் தளர்ந்த திருகையும் உடனே மாற்றுக. எண்ணெய் இடுதலைத் தவறாது செய்க. தறிக்காலின் கீழ் ரப்பர்த் திண்டு வைக்க. தகரக் கூரையின் உட்புறம் ஓசையை உறிஞ்சும் பலகை அமைக்க. உண்ணுதலும் இளைப்பாறுதலும் தறிக்கூடத்துக்கு வெளியே நிகழ்க. வீட்டோடு ஒட்டிய கூடமாயின், இடையே கனத்த சுவரும் இறுகச் சாத்தும் கதவும் வேண்டும். தொட்டிற் குழந்தையைத் தறிக்கூடத்தில் உறங்க வைக்கும் வழக்கத்தைத் தாய்மார்கள் இன்றே விட்டுவிட வேண்டுகின்றேன். ‘அவ்வோசையிலும் என் பிள்ளை நன்கு உறங்குகின்றது’ என்பது மகிழத்தக்க செய்தி அன்று.

அடுத்துக் காதுக்குக் காப்பு. பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக் கொள்வோர் பலர். அதனாற் பயன் மிகச் சிறிது. மென்னுரையால் ஆகிய அடைப்பான் சில ரூபாய்க்கே கிடைக்கும். கையைக் கழுவி, அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிதாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பின்னும் மேலுமாக இழுத்து, அடைப்பானைச் செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்குக. பாதியும் வெளியே நீட்டிக் கொண்டிருப்பின் சரியாக வைக்கப்படவில்லை என்று பொருள். அழுக்கேறியதை எறிந்துவிடுக. காதை முழுதும் மூடும் கவசமும் நன்றே. ஆயின் நம் நாட்டு வெப்பத்தில் அதனை நாள் முழுதும் தாங்குவார் அரியர். எதுவாயினும் இடையிடையே கழற்றுதல் கூடாது. வேலை நேரத்திற் பாதி நேரம் கழற்றி வைப்பின், எத்துணை உயர்ந்த காப்பும் சராசரியில் ஏறத்தாழ 3 டெசிபல் அளவுக்கே பயன்படும் என்பது கணக்கு. அடைப்பான் வைத்தால் தறியின் கோளாறு கேளாது என்று அஞ்சுவோர் உளர். நூல் அறுதலும் நாடா பிசகுதலும் வேறுபட்ட ஓசையாக அப்போதும் கேட்கும். சில நாளிற் பழகிவிடும். இங்கேதான் பழக்கம் என்னும் சொல் உண்மையாகின்றது.

காதுக்கு நாம் இழைக்கும் வேறு தீமைகளும் உள. ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு, பஞ்சுக்குச்சி முதலியவற்றைக் காதினுட் செலுத்தாதீர்கள். காதழுக்கு இயற்கை தந்த காப்பு. அது தானே வெளியேறும். மிக்கு அடைப்பின் மருத்துவர் எடுப்பார். காய்ச்சிய எண்ணெயையும் பச்சிலைச் சாற்றையும் ஊற்றாதீர்கள். பிள்ளைகள் காதிற் சீழ் வடிதலைச் சிறிதாக எண்ணாதீர்கள். அது பறையையும் எலும்பையும் அரித்துவிடும். ஜென்டாமைசின், அமிக்கசின் போன்ற சில மருந்துகள் காதைத் தாக்கக்கூடியவை. முன்பே குறையுடையார் அதனை மருத்துவரிடம் கூறிவிடுதல் வேண்டும். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது அடைபட்டாற் போலக் கேளாமற் போயின், அது சளி என்று இருந்துவிடாது அன்றே மருத்துவமனை செல்க. அது விரைந்து மருந்து கொடுத்தாற் பலர்க்குத் தேறும். வாரங்கள் கழிந்தாற் தேறுதல் அரிது.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பிறந்த ஒரு திங்களுக்குள் செவிச் சோதனையும், குறை ஐயுறப்படின் மூன்று திங்களுக்குள் உறுதியும், ஆறு திங்களுக்குள் சிகிச்சையும் என்பது மருத்துவர் வகுத்த எல்லை. அதற்குள் தொடங்கினால் குழந்தைக்குப் பேச்சு வரும் வாய்ப்புப் பெரிது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே பழமையானது; நெருங்கிய இரத்த உறவில் மணப்போரின் பிள்ளைகட்குப் பிறவிச் செவிடு வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் பெரியோர்கள் உளங்கொள்ள வேண்டுகின்றேன்.

இறுதியாக நம் சங்கம் செய்யத்தக்கவற்றை விண்ணப்பித்துக் கொள்கின்றேன். முதலாவது, ஊர்தோறும் தறிக்கூடங்களின் ஓசையை அளந்து எழுதி வைத்தல். இரண்டாவது, தறியில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும், ஆடவர் பெண்டிர் என்ற வேறுபாடின்றி, ஆண்டுக்கொரு முறை செவிச் சோதனை முகாம் நடத்தல்; உலகச் செவிப்புல நாளாகிய மார்ச்சு 3 அதற்கு உரிய நாள். மூன்றாவது, அடைப்பான்களை மொத்தமாக வாங்கிக் கூடந்தோறும் வழங்கல். தறி உரிமையாளராகிய செல்வர்கள் இதனைத் தறிக்கு எண்ணெய் வாங்குவது போன்ற ஒரு செலவாகக் கொள்ளல் வேண்டும். நான்காவது, இவ்வவையில் முன் வரிசையைச் செவிக்குறையுடைய பெரியோர்க்கென ஒதுக்கி, பேசுவோர் அவர்களை நோக்கித் தெளிவாகவும் மெதுவாகவும் பேசல். வீட்டிலும் அவ்வாறே. முதுகுக்குப் பின்னிருந்து கூவாது, முகத்துக்கு முன் வந்து, வாயசைவு தெரியப் பேசுங்கள். உரக்கக் கத்துவதனால் உயிரெழுத்தே பெருகும்; மெய்யெழுத்து விளங்காது.

அன்பர்களே! கால் வலியும் முதுகு வலியும் போலச் செவிட்டையும் நம் தொழிலின் கூலியில் ஒரு பகுதியாக நாம் ஏற்றுக்கொண்டோம். நெய்தவனுக்கு உரியது கூலி; அவனது செவியை விலையாகக் கேட்க ஒருவர்க்கும் உரிமையில்லை. இன்று தறியேறும் இளைஞன் நாற்பது ஆண்டு கழித்துத் தன் பேரன் சொல்லும் கதையைத் தெளியக் கேட்பானாயின், அதற்கு வித்து இந்த ஆண்டு நாம் இட்டதாக இருக்கட்டும்.